வைரத் தூசியும் திருவொற்றியூர் போர் தண்ணீரும்

பினாங்கிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் பட்டுப்புடவை எடுப்பார்கள், கோயில் குளம் சுற்றுவார்கள், போகிற போக்கில் பல்லையும் சரிசெய்துகொள்வார்கள். நான் வந்தது ஒரு சிட்டிகைத் தூசி மினுங்குகிறதா இல்லையா என்று பார்க்க. விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி வந்த காரியம் கேட்டார். ஆராய்ச்சி என்றேன். எங்கே என்றார். திருவொற்றியூர் என்றேன். முத்திரையைக் கையில் பிடித்தபடி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "அங்க என்ன மேடம் ஆராய்ச்சி?" என்று அவரே வருத்தப்பட்டுக்கொண்டு முத்திரையைக் குத்தினார்.

தூசி என்றால் வைரத் தூசி. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடித்த வைரம். திருவொற்றியூரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தா, அந்த வைரத் துணுக்குகளின் பக்கத்தில் அதைவிடப் பொடியான தங்கத் துகள்களை வைத்து, வைரம் தரும் வெளிச்சத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டிக் காட்டியிருந்தாள். வேலையையும் பார்த்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்கும் படிக்கிறவள். அவளும் எங்கள் பினாங்கு ஆய்வுக்கூடமும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தோம். சிக்கல் என்னவென்றால், அவள் சொன்ன செய்முறையை அப்படியே நாங்கள் செய்து பார்த்தால் ஒன்றும் கூடவில்லை. அவள் கூரியரில் அனுப்பிய கண்ணாடித் தகடுகளோ உடைந்து வந்து சேர்ந்தன.

எங்கள் துறைத்தலைவர் நல்லவர்தான், ஆனால் வாயில் வேலி கிடையாது. "அந்தப் பெண் எண்களைத் தானே போட்டுக்கொண்டாளோ என்னவோ. நேரில் போய்ப் பார். உன் கண் முன்னால் அந்த வெளிச்சம் கூடி எரியவில்லை என்றால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கட்டுரை போனால் ஜெசிந்தாவின் பட்டம் போகும். பட்டத்துக்கு அவளுக்குக் கொடுத்த கூடுதல் அவகாசமும் முடியப்போகிறது. அதைவிட, கள்ளக் கணக்கு எழுதியவள் என்ற பேர் ஒட்டிக்கொண்டால் அது லேசில் போகாது.

இது அவளுக்கும் தெரியும். தெரிந்தும், ஓட்டலில் தங்கக் கூடாது, வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சோறு போடுகிறவளையே சோதனை போட வந்திருக்கிறோமே என்று எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

இதுவரை திரையில் தோள் வரைக்கும்தான் அவளைப் பார்த்திருக்கிறேன். நேரில் என்னைவிட ஒரு சாண் உயரம். "வாங்கக்கா" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். வீடு ராயபுரத்தில், மாதா கோயில் மணி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அடிக்கும் தூரத்தில். சந்தில் கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம். அதற்குள் ஸ்கூட்டர், மீன் கூடை, கேரம் பலகை, பச்சையும் நீலமுமாக வரிசை கட்டிய குடங்கள் எல்லாம் இருந்தன. பினாங்கில் நான் இருக்கும் பட்டர்வொர்த்தும் துறைமுக ஊர்தான். ஆனால் அங்கே ஒரு சாமானுக்கு ஓர் இடம் இருந்தால் அந்த இடத்தில் அது ஒன்றுதான் இருக்கும்.

அன்று மாலை அத்தோ சாப்பிடக் கூட்டிப்போனாள். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். வண்டிக்காரர் கையாலேயே வெங்காயம், முட்டைக்கோஸ், புளித்தண்ணீர், வறுத்த பூண்டு போட்டுப் பிசைந்து கொடுத்தார். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றினார். நூடுல்ஸ் விஷயத்தில் பினாங்குக்காரர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. எனக்கும் உண்டு. முதல் தட்டு முடியும்போது அது போயிற்று. இரண்டாவது தட்டை வாங்கிக்கொண்டு, எதற்காக வந்தேன் என்பதையே கொஞ்ச நேரம் மறந்து நின்றேன்.

மறுநாள் காலை கல்லூரிக்கு. மெட்ரோவில் போயிருக்கலாம், ஜெசிந்தாவும் அதைத்தான் சொன்னாள். கடலைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்று நான்தான் அடம்பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினேன். கடலுக்கும் எனக்கும் நடுவில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. துறைமுக வாசலில் எதற்கோ நிறுத்திவிட்டார்களாம். லாரிக்காரர்கள் சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் அடுப்பு பற்றவைத்து டீயே போட்டுவிட்டார். எங்கள் ஆட்டோ இரண்டு லாரிகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நின்றுவிட்டது.

என் மடியில், ஒப்பிட்டுப் பார்க்கப் பினாங்கிலிருந்து கொண்டுவந்த வைரத் தகடுகள் ஒரு சின்னப் பெட்டியில் இருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, கூடையை நகர்த்தி வைத்துவிட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"இன்னாமே அது, கொயந்தயாட்டம் புட்சிகினு கீற?"

வைரம் என்று சொல்லித் தொலைத்தேன். ஆட்டோ மொத்தமும் திரும்பியது.

"நெஜ வைரமா? அத்த மடில வெச்சிகினு ஷேர் ஆட்டோல வந்துகினு கீறியே, இன்னா தகிரியம் ஒனக்கு!"

விற்கிற வைரம் இல்லை, பழுதுள்ள வைரத்தின் தூள் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. லாரி நகரும்வரை வேறு வேலையும் இல்லை, ஆகவே விளக்கினேன். வைரத்துக்குள் கரி அணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எங்காவது ஓர் அணு காணாமல் போய், அதன் பக்கத்து இடத்தில் நைட்ரஜன் வந்து உட்கார்ந்துகொண்டால் அது பழுது. அந்தப் பழுதின் மேல் பச்சை வெளிச்சம் அடித்தால் அது சிவப்பு வெளிச்சத்தைத் திருப்பித் தரும். பக்கத்தில் ஒரு தங்கத் துகள் இருந்தால் அந்தச் சிவப்பு இன்னும் கூடும். ஆனால் தங்கம் ரொம்ப ஒட்டிக்கொண்டால் வெளிச்சத்தைத் தானே விழுங்கிவிடும். மெல்லிசாக ஓர் இடைவெளி வேண்டும். அதற்காக வைரத் துணுக்குக்கு ஓர் உறை போர்த்துகிறோம்.

"மாமியா மருமவ கத தான்" என்றார் அந்த அம்மா. "ஒட்டிகினும் இருக்கக் கூடாது, எட்டியும் பூடக் கூடாது."

ஆட்டோ சிரித்தது. ஜெசிந்தா மட்டும் சிரிக்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவளுடைய ஆய்வுக்கூடம் மாடிப்படிக்கு அடியில் மறித்துக் கட்டிய ஓர் அறை. வெளிச்சம் புகாமல் இருக்கக் கறுப்புத் துணி தொங்கியது. லேசர், பழைய நுண்ணோக்கி, வெளிச்சத்தை எண்ணும் கருவி எல்லாம் அவளே பல இடத்தில் கேட்டு வாங்கிக் கோத்தவை. எங்கள் கூடத்தில் இதைவிடப் பெரிய அறையில் பழைய நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறோம். இதை அவளிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு அவள் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். கல்யாண வீட்டுச் சமையல்காரர்கூட அவ்வளவு பதனமாக இருக்க மாட்டார். செய்முறைத் தாளைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, வரிக்கு வரி செய்தாள். தகடுகளைக் கழுவி, காய்ச்சி வடித்த நீரைக் கேனிலிருந்து தாராளமாக ஊற்றி அலசி, உலர்த்தி, வைரத்தை விட்டாள், மேலே தங்கக் கரைசலை விட்டாள். தங்கக் கரைசல் ரோஸ் சர்பத் நிறத்தில் இருக்கும், அப்படியே இருந்தது. பிறகு விளக்கை அணைத்துவிட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தோம்.

எண் ஏறவில்லை. தங்கம் இல்லாத வைரம் எவ்வளவு தந்ததோ அதையேதான் தங்கம் உள்ள வைரமும் தந்தது. இன்னொரு துணுக்கைத் தேடினாள். அதுவும் அப்படியே. மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் தேடிக்கொண்டே இருந்தாள். பினாங்கில் நாங்கள் பார்த்த அதே எண்களை அந்த இருட்டு அறையில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போன வாரம் கூட வந்துச்சுக்கா" என்றாள் கடைசியில். "சத்தியமா வந்துச்சு."

அவளை நம்ப எனக்கு ஆசை இருந்தது, ஆனால் ஆசை எண் ஆகாதே.

அவள் கணவர் ஆரோக்கியம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். சாயங்காலம் வந்ததும் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தார். அவள் உள்ளே போனபிறகு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோச்சிக்காதீங்க. அவ பொய் சொல்லிட்டான்னு அங்க பேசிக்கிறாங்களா?"

"சிலர் அப்படி நினைக்கிறார்கள்" என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவர் கொடியிலிருந்த சட்டையை எடுத்து மடித்தார். "நா போர்ட்டு கேட்ல லைன்ல நின்னுகினு இருப்பேன். போன் பண்ணுவா. 'இன்னிக்கி எரிஞ்சிச்சுங்க' ம்பா. இன்னா எரிஞ்சிச்சு, ஏன் எரிஞ்சிச்சு, எனக்கு ஒரு எயவும் புரியாது. ஆனா அந்தக் கொரலு எனக்குத் தெரியும்க்கா. அதுல பொய் கெடையாது."

அவர் இறங்கிப் போனபிறகும் நான் அங்கேயே நின்றேன். துறைத்தலைவருக்கு என்ன எழுதுவது என்று நினைக்கவே வெறுப்பாக இருந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. பூசை முடிந்து காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கினோம். சங்கரா மீனுக்கு ஜெசிந்தா பேரம் பேசிய வேகத்தைப் பார்த்தால், நேற்று இடிந்துபோய் உட்கார்ந்தவள் இவள்தானா என்று தோன்றும். குழம்பும் வறுவலும் வைத்தாள். துக்கத்திலும் அவள் கை உப்பு புளியைத் தப்பவிடவில்லை. நான் வெட்கமில்லாமல் மூன்று முறை சோறு வாங்கினேன்.

சாப்பிட்டுவிட்டு என் தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து குழாயைத் திறந்தேன். ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீர். வாயில் ஒரு சொட்டு தெறித்தது, கடலே நேராகக் குழாய்க்கு வந்துவிட்டது போலக் கரித்தது. கழுவிய தட்டை அலச, பக்கத்திலிருந்த குடத்தைச் சாய்க்கப் போனேன்.

"அய்யய்யோ அக்கா! அது லாரில வர்ற நல்ல தண்ணி!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு முறையைக் காட்டினாள். கழுவுவது எல்லாம் உப்புத் தண்ணீரில். நல்ல தண்ணீர் ஒரு பேசினில் கொஞ்சம் இருக்கும். எல்லாப் பாத்திரத்தையும் அதே பேசினில் ஒரு முக்கு முக்கி எடுத்துக் கவிழ்த்துவிடுவது. அந்தச் சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"நல்ல தண்ணிய எடுத்து கய்வுறதுக்கு ஊத்துனா எனக்குக் கையே கூசும்க்கா. சின்ன வயசுலேர்ந்து அப்டியே வந்துடுச்சு."

நான் பேசினைப் பார்த்தேன். முக்கியெடுத்த பாத்திரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உப்பை விட்டுவிட்டுப் போன தண்ணீர். நேற்று அவள் கேனிலிருந்து வடித்த நீரை வாரி இறைத்தது ஞாபகம் வந்தது.

"ஜெசி, லேபிலும் இப்படித்தான் முக்குவாயா?"

அவள் கை சோப்பு நுரையோடு அப்படியே நின்றது. முகம் சிவந்துவிட்டது. "நேத்து நீங்க இருந்தீங்க. தப்பா நெனப்பீங்களேன்னு தாள்ல இருக்கறா மாரி ஊத்தி ஊத்திக் கழுவினேன். எப்பவும்..." என்று நிறுத்தினாள். "எப்பவும் போர் தண்ணில கழுவிட்டு, டிஸ்டில்ட் வாட்டர ஒரு கிண்ணத்துல ஊத்தி, எல்லாத் தகட்டையும் அதுலயே முக்கி எடுப்பேன்."

அவள் கண் எங்கோ போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. "உப்பு... உப்பு பட்டா தங்கம் கூட்டம் கூடிக்கும். கூட்டம் கூடினா நிறம் சிவப்புப் பக்கம் எறங்கும். வைரம் தர்றது சிவப்பு. அக்கா, சிவப்பு!"

தனியாக இருக்கும் தங்கத் துகள் பச்சை வெளிச்சத்துக்குத்தான் நன்றாக ஈடுகொடுக்கும். வைரத்தின் ஆழ்ந்த சிவப்புக்கு அது அவ்வளவாக அசையாது. இரண்டு மூன்று துகள்கள் சேர்ந்து ஒரு சிறு கூட்டமானால் அந்தச் சிவப்போடு ஒத்துப்போகும். எங்கள் பினாங்குத் தகடுகள் படுசுத்தம். அதனால் அங்கே தங்கம் தனித்தனியாகவே கிடந்திருக்கிறது. அவள் தகட்டிலோ கண்ணுக்குத் தெரியாத திருவொற்றியூர் உப்பு காய்ந்து படிந்திருந்திருக்க வேண்டும். கட்டுரைக்காகத் தங்கத் துகள்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்தபோது குடுவையிலிருந்த கரைசலைத்தான் நேராக வைத்தோம், தகட்டில் பட்டதை அல்ல. ஆகவே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினோம். ஆரோக்கியமும் லுங்கியை மாற்றிக்கொண்டு கூடவே வந்தார். இந்த முறை கடல் ஆசை எனக்கு இல்லை, மின்சார ரயில் போதும் என்றேன். அது தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் ஒரு சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு நின்றது. நிலக்கரிப் பெட்டிகள் போகின்றன, போகின்றன, போய்க்கொண்டே இருக்கின்றன. ஜெசிந்தா வாசற்படியில் நின்று நகத்தைக் கடித்தாள். "எறங்கி நடந்துடலாமா?" என்று கேட்டாள். ஆரோக்கியம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

கல்லூரிக் காவல்காரர் ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார். முதலில் ஒரு கண்ணாடிக் குழாயில் தங்கக் கரைசலை எடுத்து, கைகழுவும் குழாயிலிருந்து போர் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். ரோஸ் சர்பத் நிறம் கண் முன்னாலேயே நாவல்பழச் சாறு நிறத்துக்கு மாறியது. பிறகு தகடுகளைத் தன் வழக்கப்படி போர் தண்ணீரில் கழுவி, கிண்ணத்தில் ஒரு முக்கு முக்கி எடுத்தாள். உலரும்வரை மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

உலர்ந்ததும் வைரத்தையும் தங்கக் கரைசலையும் விட்டு, விளக்கை அணைத்தாள். முதல் துணுக்கு ஏறவில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதில் எண் ஏறத் தொடங்கியது. ஏறி, நேற்றைய எண்ணைத் தாண்டி, அதன் இரண்டு மடங்கையும் தாண்டிப் போயிற்று.

"எரியுதா?" என்றார் ஆரோக்கியம் இருட்டிலிருந்து.

"எரியுதுங்க" என்றாள். அவர் சொன்ன அந்தக் குரலை நானும் அப்போதுதான் கேட்டேன்.

விளக்கைப் போட்டதும் அவள் முகம் மறுபடி சுருங்கிவிட்டது. "அப்ப கட்டுரைல நா சரியா கழுவலன்னு தானக்கா எழுதணும்? வடசென்னைக்காரி, தகடு கூட ஒழுங்கா கழுவத் தெரியலன்னு சிரிக்க மாட்டாங்களா?"

எனக்கும் அவளைக் காப்பாற்றவேண்டும் என்றுதான் இருந்தது. "நீர்த்த உப்புக் கரைசல் பயன்படுத்தினோம் என்று எழுதிவிடலாம். கேட்க நாகரிகமாக இருக்கும்" என்றேன்.

அவள் மறுத்துத் தலையை ஆட்டினாள். "வேணாங்க்கா. இந்தத் தண்ணில இன்னா இன்னா உப்பு கீதோ நமக்கே முழுசாத் தெரியாது. யாராவது சமையல் உப்பக் கரைச்சு ஊத்திப் பாத்து வரலன்னா, மறுபடி நாந்தான் பொய்க்காரி. நடந்தத நடந்தா மாரியே எழுதுவோம். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

"சிரிப்பானுங்க?" என்றார் ஆரோக்கியம். "சிரிக்கிறவன ஒரு வாரம் இந்தத் தண்ணில குளிக்க உடு. அப்பாலிக்கா சிரிக்கட்டும்."

கிளம்பும்முன் காலி சோடா பாட்டில் ஒன்றில் அந்தக் குழாய்த் தண்ணீரை நிரப்பி, மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, என் புடவைகளுக்கு நடுவில் படுக்கவைத்தாள். பினாங்கில் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, என்ன இது என்று மலாயில் கேட்டார். தண்ணீர் என்றேன். "கங்கையா?" என்றார். இல்லை, அதைவிட அரிது என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

எங்கள் கூடத்தில் நானே தகடுகளை அந்தத் தண்ணீரில் கழுவி, ஒரே கிண்ணத்தில் முக்கி எடுத்தேன். துறைத்தலைவரைக் கூப்பிட்டுத் திரை முன்னால் உட்காரவைத்தேன். எண் ஏறியது. இறங்கவே இல்லை. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

உடனே ஜெசிந்தாவுக்குப் போன் செய்தேன். கட்டுரையைப் பற்றிக் கேட்பாள், பட்டத்தைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"உங்க ஹெட்டு பாத்தாராக்கா? அவரு கண்ணால பாத்தாரா?" என்றாள்.

"பார்த்தார். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார்."

"இன்னா சொன்னாரு?"

"பாட்டிலில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லி உன்னிடம் கேட்கவும் சொன்னார்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எங்க ஏரியா தண்ணிய" என்றாள் ஜெசிந்தா, "இது வரிக்கும் ஒருத்தரும் வேணும்னு கேட்டதே இல்லக்கா."